வரவு சொல்லும் குரல்

இரவு பத்து மணியளவில் மன்னார்க் கரையோரத்து அரிப்பில் ஒரு பீரங்கி முழங்கும். கொண்டச்சிக் குடாவில் காத்து நிற்கும் படகுகள் பாய் விரிக்கும். கரைக்காற்று தள்ளிக்கொண்டு போக, விடியுமுன்னே முத்துப் பார்களின் மேல் போய் நின்றுவிடும். மறுநாள் பிற்பகல் கடற்காற்றைப் பிடித்து அவை திரும்பும்போது, பாய்கள் கண்ணில் பட்டதும் மறுபடியும் பீரங்கி. கூடவே கொடியும் ஏறும். பணத்தைப் போட்டுவிட்டு நெஞ்சு படபடக்கக் கரையில் நிற்கும் முதலாளிமாருக்கு அதுதான் முதல் செய்தி. ரொபர்ட் பெர்சிவல் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1803இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் இதை எழுதி வைத்திருக்கிறார்.

சனம் ஆயிரக்கணக்கில் கூடும் இடத்தில் ஒரு குரல் வேண்டும். என்ன நடக்கிறது, அடுத்து வருவது யார், எவ்வளவுக்குப் போயிற்று, எப்போது கலையலாம் என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சொல்லும் குரல். அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட அரங்குகளில் அதையே தொழிலாக வைத்து வாழ்நாளைக் கழித்தவர்கள் உண்டு. மன்னார்க் கரையில் அந்த வேலை மைக் வருமுன்னே பல வடிவங்களில் நடந்தது. பீரங்கி அதில் ஒன்று. மனிதத் தொண்டை இன்னொன்று.

சலாபம் எனப்படும் முத்துக்குளிப்புக் காலத்தில் மன்னாருக்குத் தெற்கே உள்ள கரை என்ன பாடுபட்டிருக்கும் என்பதை இன்று சிலாவத்துறைக்கும் மறிச்சுக்கட்டிக்கும் போய்ப் பார்ப்பவர்களால் எண்ணிப் பார்ப்பதே கடினம். பற்றையும் மணலுமாகக் கிடக்கும் வெளியில் சில வாரங்களுக்குள் ஒரு பட்டணம் எழும்பும். தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கத்திலிருந்து குளியாளிகளும் சம்மாட்டிகளும் வருவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து தமிழரும் சோனகரும், பாரசீக வளைகுடாவிலிருந்து அராபியரும் வருவார்கள். செட்டிமார், நகை வணிகர், சாப்பாட்டுக் கடைக்காரர், கச்சேரி எழுத்தர், பொலிஸ் என்று கூட்டம் பெருகும். 1906ஆம் ஆண்டுச் சலாபத்துக்கு யாழ்ப்பாணக் கச்சேரியிலிருந்து அனுப்பப்பட்ட இளம் அதிகாரி லெனார்ட் வூல்ஃப், பின்னாளில் எழுதிய தன் வரலாற்றில் மறிச்சுக்கட்டி முகாமில் இருபதாயிரத்துக்கும் முப்பதாயிரத்துக்கும் இடைப்பட்ட சனம் இருந்ததாகக் குறிக்கிறார். அழுகும் சிப்பியின் நாற்றத்தையும் ஈக்களையும் அவரால் கடைசிவரை மறக்க முடியவில்லை.

கடலுக்கடியில் குரலுக்கு வேலை இல்லை. பெர்சிவல் காலத்துப் படகொன்றில் தண்டல் என்ற படகுத் தலைவனைத் தவிர இருபது பேர். அவர்களில் பத்துப்பேர் குளியாளிகள். ஐந்து ஐந்து பேராக முறை மாற்றி இறங்குவார்கள். வலக்கால் விரல்களுக்குள் கல் கட்டிய கயிறு, இடக்கால் விரல்களில் வலைப்பை, ஒரு கையில் இன்னொரு கயிறு, மற்றக் கை மூக்கைப் பொத்தியபடி. கல்லின் கனத்தில் கிடுகிடுவென்று கீழே போய், எட்டிய சிப்பியை வாரிப் பையில் போட்டு, மூச்சு முட்டும்போது கயிற்றை ஒரு இழு. மேலே நிற்பவன் கை அதை உணர வேண்டும். அந்த ஒற்றை இழுப்பில்தான் உயிர்.

கரையிலோ சத்தத்துக்குக் குறைவில்லை. சுறாவின் வாயைக் கட்ட வல்லவர் என்று குளியாளிகள் நம்பிய கடல்கட்டி, படகுகள் திரும்பும்வரை மந்திரம் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் கரையில் நிற்காமல் ஒருவரும் தண்ணீரில் இறங்க மாட்டார்கள் என்பது அரசாங்கத்துக்கும் தெரியும். மந்திரத்தில் நம்பிக்கை இல்லாத வெள்ளைக்கார அதிகாரிகளே அவருக்குக் கூலி கொடுத்து வைத்திருந்தார்கள். குளியாளியின் தைரியம் அந்தக் குரலில் தொங்கியது என்பதால் அந்தக் கூலி வீண்செலவு அல்ல.

பிடித்துவந்த சிப்பி கொட்டு என்ற வேலியடைப்புக்குள் போகும். அங்கே மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று குளியாளிகளுக்கு. அரசாங்கத்தின் பங்கு அன்று மாலையே ஏலத்துக்கு வந்துவிடும். ஆயிரம் சிப்பி ஒரு கணக்கு. உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதைதானா என்று திறந்து பார்க்காமலே வாங்க வேண்டும். நேற்று ஒருவன் பெரிய முத்தொன்று எடுத்தானாம் என்று ஒரு பேச்சு பரவினால் போதும், விலை ஏறிவிடும். இப்படியொரு கூட்டத்தில் கேட்ட விலையைப் பலருக்கும் விளங்கும்படி திருப்பிச் சொல்லி, பிழையின்றி முடித்துவைப்பது சின்ன வேலையல்ல. 1905இல் மட்டும் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பி கரைக்கு வந்தது. அரசாங்கத்துக்குக் கிடைத்தது சுமார் 25 லட்சம் ரூபா. அவ்வளவு பணமும் மாலைக்கு மாலை வாய்வார்த்தையாகவே கைமாறியது. ஏலத்தை நடத்திய அரசாங்க அதிபர்களின் பெயர்கள் அறிக்கைகளில் அச்சேறியிருக்கின்றன. தமிழிலும் அரபிலும் அதைக் கூட்டத்துக்கு எடுத்துச் சொன்ன வாய்களின் பெயர்களுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

அடுத்த ஆண்டே பார்கள் 20 ஆண்டுக் குத்தகைக்கு ஓர் ஆங்கிலேயக் கம்பனியிடம் போயின. சிப்பி வற்றியது, கம்பனியும் கவிழ்ந்தது. 1925இல் ஒருமுறை நடந்ததோடு பழைய சலாபம் ஓய்ந்தது. சலாபத்தை மேற்பார்வையிட ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிப்பில் கட்டுவித்த மாளிகையை ஊர்ச்சனம் அல்லிராணிக் கோட்டை என்கிறது. அலை தின்று எஞ்சிய அதன் செங்கற் சுவர்கள் இன்றும் கரையில் நிற்கின்றன.

அறிவிப்பை ஒரு கலையாகவே வளர்த்தது கூத்துக் கொட்டகை. மன்னார் கத்தோலிக்க ஊர்களின் நாட்டுக்கூத்தில் மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று இரண்டு வழிகள் உண்டு. விடிய விடிய, சிலவேளை ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் நீளும் நாடகமும், அதைச் சுருக்கி ஆடும் வாசாப்பும் உண்டு. எந்தப் பாங்காக இருந்தாலும், அரசன் களரிக்கு வருமுன் ஒருவன் வந்தாக வேண்டும். அவன் கட்டியக்காரன்.

தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் கட்டியக்காரன் பெரும்பாலும் கோமாளி. சிரிக்க வைப்பான், சண்டை பிடிப்பான், ஊர்க்கதை பேசுவான். ஈழத்துக் கத்தோலிக்கக் கூத்தில் அவன் அரசவையின் ஆள், கொஞ்சம் மிடுக்கானவன். கையில் கோலோடு தன் வரவைத் தானே பாடி நுழைவான். வருகிற மன்னன் எந்த நாட்டுக்கு உடையவன், எத்தனை வெற்றி கண்டவன் என்று பட்டங்களை ஒவ்வொன்றாக அடுக்குவான். சபையை ஒழுங்கு பண்ணச் சொல்வான், சனத்தை அடக்குவான். மத்தளமும் தாளமும் அவன் வசனத்தின் முடிவுக்காகக் காத்திருக்கும். கடைசிச் சொல்லை அவன் இழுத்து விடவும், கூத்தை நடத்தும் அண்ணாவியார் அடுத்த தருப் பாட்டை எடுக்கவும், உடுப்பு மினுங்க அரசன் காலடி வைக்கவும் சரியாக இருக்க வேண்டும். உள்ளே முடி கட்டுவதில் சுணக்கம் என்றால் அவன்தான் சமாளிக்க வேண்டும். பட்டம் இன்னும் நாலு கூடும். நாட்டு வளம் இன்னும் கொஞ்சம் நீளும். பாயில் படுத்து அரைத்தூக்கத்தில் இருக்கும் பிள்ளைகள்கூட அந்தக் குரலுக்கு எழும்பி உட்காருவார்கள்.

அரங்கு இருட்டாக, ஒரு வீரனின் ஊரையும் உயரத்தையும் சொல்லி, பெயரின் கடைசி எழுத்தை நீட்டி, அவன் ஓடிவரும் கணத்தில் கூரை அதிரவைக்கும் கூடைப்பந்தாட்ட அறிவிப்பாளர் செய்வதும் இதே வேலைதான். 1990களில் மைக்கேல் ஜோர்டன் ஆடிய சிக்காகோ புல்ஸ் அணியின் ஆரம்ப அறிவிப்பைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பிரமித்தவர்கள், பேசாலையிலோ வங்காலையிலோ ஒரு கட்டியக்காரனின் வரவைப் பார்த்திருந்தால் அவ்வளவு பிரமித்திருக்க மாட்டார்கள்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் இந்தக் கூத்துகளைத் தேடி அச்சேற்றினார். எண்டிறீக்கு எம்பரதோர் 1964இலும், மூவிராசாக்கள் நாடகம் 1966இலும், ஞானசவுந்தரி 1967இலும் வெளிவந்தன. மன்னார் நாட்டுப் பாடல்களும் 1964இல் நூலாயின. அவர் செய்த தொண்டுக்கு ஈடில்லை. அவை வந்திராவிட்டால் பல கொப்பிகள் கறையானுக்குப் போயிருக்கும். ஆனால் அச்சில் வந்தது பாட்டும் வசனமும். கட்டியக்காரன் எந்தச் சொல்லில் மூச்சை எடுத்தான், எந்த இடத்தில் குரலைத் தூக்கினான் என்பது புத்தகத்துக்குள் அடங்கவில்லை.

கட்டியம் மன்னாருக்கு மட்டும் உரியதல்ல. சைவக் கோயில்களில் சுவாமி புறப்படும்போதும் கட்டியம் கூறுவார்கள். மணிமேகலைக் காப்பியமே ஓர் அறிவிப்போடுதான் தொடங்குகிறது. புகார் நகரில் இந்திர விழா வருகிறது என்று யானைமேல் முரசை ஏற்றி ஒருவன் அறைகிறான். நகரை வாழ்த்தி, வீதிகளை அலங்கரிக்கச் சொல்லி, விழா நாள்களில் பகை கொண்டவர்கள் ஒதுங்கிப் போகும்படியும் சொல்கிறான். கூட்டத்தை வரவேற்கிறவனே கூட்டத்தின் அமைதிக்கும் பொறுப்பு என்பது அவ்வளவு பழைய ஏற்பாடு.

மன்னாரின் கத்தோலிக்கரிடம் இதற்கு நேரெதிரான ஒரு குரலும் உண்டு. 1705இல் தலைமன்னாரில் கரையிறங்கிய கோவாவைச் சேர்ந்த குருவான யாக்கோமே கொன்சால்வெஸ் எழுதிய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் ஓதப்படுகிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்திருந்த காலத்தில் எழுந்த நூல் அது. சொரூபங்களைக் கொண்டு நடத்தும் பாஸ்கு என்ற திருப்பாடுகளின் காட்சிக்குப் பெயர்போன ஊர் பேசாலை. சொரூபம் பேசாது, ஓதுகிற குரல்தான் அதற்கு உயிர் கொடுக்க வேண்டும். கட்டியக்காரன் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வான் என்றால், இங்கே குரல் கரைந்து இறங்கும். கூட்டத்தை எழுப்புவதற்கும் அடக்கி அழவைப்பதற்கும் தனித்தனிப் பயிற்சி இருந்த ஊர்கள் இவை.

ஒலிபெருக்கி பிறந்தது 1915இல், கலிபோர்னியாவில். பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் என்ற இருவர் செய்த கருவி அது. 1919இல் சான் டியேகோ மைதானத்தில் ஜனாதிபதி வூட்ரோ வில்சன் அதன்வழி பெருங்கூட்டத்தோடு பேசினார். அதற்குமுன் விளையாட்டரங்குகளில் தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு சுற்றிச்சுற்றிக் கத்தியவர்கள்தான் அறிவிப்பாளர்கள். 1891இல் பிறந்த கூடைப்பந்தாட்டம் வை.எம்.சி.ஏ. வழியாகவே உலகைச் சுற்றியது. கொழும்பு வை.எம்.சி.ஏ.வின் உடற்கல்விப் பணிப்பாளர் வோல்டர் கமக் அதை 1927இல் இலங்கைக்குக் கொண்டுவந்தார்.

அந்த ஆட்டத்தின் அறிவிப்பாளர்களில் மறக்க முடியாத பெயர் டேவ் சின்கோஃப். பிலடெல்பியா அணிகளின் குரலாகப் பல பத்தாண்டுகள் இருந்தவர். 1962 மார்ச் 2ஆம் தேதி, பென்சில்வேனியாவின் ஹெர்ஷி என்ற சிறு நகரில், வில்ட் சேம்பர்லைன் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தார். அரங்கில் இருந்தவர்கள் 4,124 பேர். தொலைக்காட்சிக் கமெரா ஒன்றும் இல்லை. சேம்பர்லைன் கூடையில் போடப்போட, இப்போது எத்தனை என்று சின்கோஃப் மைக்கில் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த எண்ணிக்கைதான் கூட்டத்தைக் கிளப்பியது. கூட்டம் பந்தைச் சேம்பர்லைனிடமே கொடுக்கச் சொல்லிக் கத்தியது. அன்றைய ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியை இன்று நம்மால் கேட்க முடிகிறது என்றால், வானொலி வர்ணனையை ஒரு கல்லூரி மாணவர் தன் ஒலிநாடாவில் பதிந்து வைத்ததுதான் காரணம். நிறுவனம் செய்யாததை ஒரு தனியாள் செய்தார்.

வானொலிக் குரல்களைப் பற்றி இந்தக் கடலின் இரு கரைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1949இல் இலங்கை வானொலி என்று பெயர்பெற்ற நிலையத்தின் தமிழ் அறிவிப்பாளர்கள் மயில்வாகனமும், பின்வந்த கே. எஸ். ராஜாவும், பி. எச். அப்துல் ஹமீதும் தமிழ்நாட்டில் சினிமா நட்சத்திரங்களுக்கு ஒப்பாகக் கொண்டாடப்பட்டார்கள். அக்கரையில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் கிரிக்கெட்டைத் தமிழில் வர்ணித்துப் பெயர் வாங்கினார். ஊர்த் திருவிழாக்களிலும் விளையாட்டுப் போட்டிகளிலும் மைக் பிடித்த இளைஞர்கள் இவர்களைக் கேட்டுத்தான் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டார்கள்.

அதே ஒலிபெருக்கி நஞ்சாகவும் ஆனது. 1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கின் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் அந்தக் கட்டளை ஒலிபெருக்கி பூட்டிய வாகனங்களிலிருந்து வந்தது. மன்னார்த் தீவில் எருக்கலம்பிட்டி போன்ற பழைய ஊர்கள் சில நாள்களுக்குள் வெறுமையாயின. சனம் கடல்வழியே கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போனது. பெரும்பாலோர் பல ஆண்டுகள் அங்கேயே அகதிகளாக இருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே கரையில் சலாபம் கண்ட சனத்துக்கு இந்த அறிவிப்பு இழைத்த அநியாயத்தை எந்தச் சொல்லாலும் சமப்படுத்த முடியாது. மைக்கைக் கையில் எடுக்கும் எவரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் அடைக்கலம் புகுந்த மடு மாதா திருத்தலத்தில், இப்போது ஓகஸ்ட் 15ஆம் திகதிப் பெருநாளுக்கு இலட்சக்கணக்கில் சனம் சேர்கிறது. தமிழிலும் சிங்களத்திலும் பூசை நடக்கிறது. 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் வந்தபோதும் அப்படியே இரண்டு மொழியிலும் மன்றாட்டுகள் ஒலித்தன. இத்தனை பெரிய பெருநாள்களில் ஒலிபெருக்கியின் மிக முக்கியமான வேலை தவறிப்போன பிள்ளையைத் தாயிடம் சேர்ப்பது. பிள்ளையின் பெயர், உடுப்பின் நிறம், எந்த ஊர், எந்த இடத்தில் நிற்கிறது என்று நிதானமாக, இரண்டு தடவை. அங்கே அலங்காரத்துக்கு இடமில்லை. தெளிவு மட்டுமே வேண்டும்.

மன்னாரின் இன்றைய அறிவிப்பாளரைத் தேடினால் உதைபந்தாட்ட மைதானத்துக்குத்தான் போக வேண்டும். கூடைப்பந்துக்கு இங்கே அந்தச் செல்வாக்கு இல்லை. பள்ளிமுனை போன்ற கரையோர ஊர்களில் பந்துதான் பேச்சு. கழகங்கள் பல புனிதர்களின் பெயரைத் தாங்கியவை. எல்லைக்கோட்டோரம் ஒரு தறப்பாள் நிழல், அதன் கீழ் ஒரு மேசை, அம்பிளிபயர், கம்பத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி இரண்டு. மேசையில் ஒரு தாள். அதில் இரண்டு அணிப் பெயர்ப் பட்டியல், மாற்று வீரர், வெற்றிக்கிண்ணம் தந்தவர், லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் பணம் அனுப்பியவர்கள். ஆட்டம் தொடங்குமுன் அண்மையில் இறந்த ஒருவருக்கு ஒரு நிமிட மௌனம். நடுவில் யாரோ தொலைத்த மோட்டார் சைக்கிள் சாவி. பந்து வலைக்குள் போனதும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அடித்தவனின் பெயரை, அவன் ஊரோடு சேர்த்து, மூச்சு உள்ளவரை நீட்டுகிறார். பக்கச்சார்பு வந்துவிடக் கூடாது. எதிரணிக்காரன் அடித்தாலும் அதே நீட்டு வேண்டும். மைதானத்தில் சண்டை மூளும் போலிருந்தால் முதலில் குரலைத் தணிக்க வேண்டியவரும் அவர்தான். இதற்குப் பெரும்பாலும் கூலி கிடையாது. கிடைத்தால் ஒரு சோடாவும் கடைசியில் ஒரு பொன்னாடையும்.

முத்துப் பார்களின் அறிக்கைகள் ஐந்து தொகுதிகளாக அச்சாகியிருக்கின்றன. ஹேர்ட்மன் என்ற விஞ்ஞானி 1903க்கும் 1906க்கும் இடையில் வெளியிட்டவை. சிப்பியின் புழுவுக்குக்கூட அவற்றில் படம் இருக்கிறது. ஏலத்தில் கூவியவரின் குரலும், கட்டியக்காரனின் இழுப்பும் அப்படி எங்கும் சேரவில்லை. இனிமேலும் அப்படி விடுவதற்குச் சாட்டு இல்லை. ஒவ்வொரு கையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது.

உங்கள் ஊரில் கட்டியக்காரனாக ஆடிய ஒரு முதியவர், வியாகுலம் ஓதுகிற ஒருவர், முப்பது நாற்பது வருடமாக மைதானத்தில் மைக் பிடிக்கிற ஓர் அண்ணர் இருக்கக்கூடும். அடுத்த பெருநாளுக்கு முன் அவரிடம் போங்கள். அவர் சம்மதத்தோடு அரை மணி நேரம் பதியுங்கள். பெயர், ஊர், ஆண்டு, எந்தக் கூத்து, எந்தப் போட்டி என்பதைப் பதிவின் தொடக்கத்தில் அவரையே சொல்ல வையுங்கள். ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்தும் நூலகம் நிறுவனம் ஒலிப்பதிவுகளையும் சேர்த்து வைக்கிறது. ஒரு பிரதியை அங்கே அனுப்பிவிடுங்கள்.